புளியங்கொட்டை வைத்து வாசித்த வகுப்பு

சோழவந்தான் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவனியாபுரத்திலிருந்து பேருந்து மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை ஏழாம் வகுப்பு வாங்கிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. பாடம் நடத்தி முடித்ததும் ஆசிரியர் புத்தகத்தை விரித்து, "மொதக் கேள்விக்கு ரெண்டாவது பத்தி. 'ஆகவே'ல ஆரம்பிச்சு 'என்றார்' வரைக்கும் அடைப்புக்குறி போட்டுக்கங்க" என்பார். பிள்ளைகள் பென்சிலால் போட்டுக்கொள்வார்கள். குறிக்குள் இருப்பதை மனப்பாடம் செய்வார்கள். குறிக்கு வெளியே கிடப்பதை யாரும் சீண்டமாட்டார்கள். சில கெட்டிக்காரப் பிள்ளைகள் பள்ளி திறந்த வாரமே மேல் வகுப்பு அக்காவின் பழைய புத்தகத்தை வாங்கி, பாடம் நடத்துமுன்பே எல்லாக் குறிகளையும் போட்டு வைத்துவிடுவார்கள். பாடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது, பதில் எங்கே இருக்கிறது என்று தெரியும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாசிப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பது அவள்தான். ஏற்ற இறக்கம், நிறுத்தம், உச்சரிப்பு எல்லாம் அவ்வளவு சுத்தம். தலைமையாசிரியர் அவளை "நம்ம ஸ்கூல் டிவி" என்பார். அவள் அம்மா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. வேலைக்குப் போகிற வழியில் பள்ளிச் சுவரோரம் நின்று, மகள் குரலை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

ஒருநாள் ஒரு கதையை அவளை வாசிக்கச் சொன்னேன். காய்ச்சலோடு கடை திறந்திருக்கும் ஒரு டீக்கடைக்காரர். நல்ல மழை. டீ குடிக்க வந்தவர் தன் குடையை பெஞ்சில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே போகிறார். அவ்வளவுதான் கதை. அட்டகாசமாக வாசித்தாள்.

"குடையை ஏன் வச்சிட்டுப் போனாரு?" என்று கேட்டேன்.

"மழை கொட்டிக்கொண்டிருந்தது டீச்சர்" என்றாள். புத்தகத்தில் இருக்கிற வரி.

"மழை பெய்யுறது தெரியுது. ஏன் வச்சிட்டுப் போனாரு?"

அதே வரியை இன்னும் அழகாக வாசித்தாள். அப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிற இன்னொரு பெண், "காய்ச்சக்காரரு நனையக் கூடாதுல்ல டீச்சர், அதான்" என்றாள். எல்லோருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. நம் டிவிக்கு மட்டும் விளங்கவில்லை. மற்றவர்கள் தலையாட்டுவதைப் பார்த்து அவளும் தலையாட்டினாள்.

மதியம் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "வாசிக்கும்போது மனசுல என்னத்தா ஓடும்?"

"அடுத்த வார்த்தை டீச்சர். தப்பில்லாம வரணும்ல, அது மட்டுந்தான் ஓடும்."

"அப்ப கதை?"

"கதைய நீங்க சொல்லும்போது கேட்டுக்குவேன்."

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. இத்தனை வருடம் அவளுக்குக் கைதட்டிய எங்கள் எல்லோர் மேலும்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுவாரம் அடைப்புக்குறி போடுவதை நிறுத்தினேன். ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொண்டுவரச் சொன்னேன். வாசிக்கும்போது எந்த வரி புரியவில்லையோ அதன்மேல் ஒரு கொட்டை. வைத்துவிட்டு மேலே ஓடக் கூடாது. முந்தின வரிக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அப்படியும் பிடிபடாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம், கடைசியாக என்னை. ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடி, படித்ததைச் சொந்தப் பேச்சில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். முதலில் நானே சத்தமாக வாசித்து, "இந்த எடம் எனக்கே பிடிபடலப்பா" என்று என் புத்தகத்தில் ஒரு கொட்டையை வைத்துக் காட்டினேன். டீச்சருக்கே புரியவில்லை என்றதும் பிள்ளைகளுக்கு எம்புட்டு சந்தோஷம் என்கிறீர்கள்! ஒருத்தன் வறுத்த கொட்டையாகக் கொண்டுவந்து, பாடம் முடிவதற்குள் சந்தேகம் அத்தனையையும் தின்றுவிட்டான்.

அவள் புத்தகத்தில் மட்டும் ஒரு கொட்டைகூட இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கை வேர்த்திருந்தது.

"ஏன் தாயி, வைக்கலாம்ல?"

தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "வச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிரும் டீச்சர்."

"என்ன தெரிஞ்சிரும்?"

"எனக்கு ஒண்ணுமே புரியலன்னு. எங்கம்மாவுக்கும் தெரிஞ்சிரும்."

அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "கொட்டை அதிகமா வைக்கிற பிள்ளைதான் அதிகமா யோசிக்குதுன்னு அர்த்தம்" என்றேன். நம்பினாளா தெரியாது. ஆனால் சில நாள் கழித்து ஒரு கொட்டையை வைத்தாள். பிறகு ஒரு பக்கம் முழுக்கக் கொட்டையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

அவளுக்குக் கொண்டாட்டமாக இல்லை. புரிந்து வாசிக்க ஆரம்பித்ததும் வேகம் போய்விட்டது. காலை வழிபாட்டில் செய்திக்கு நடுவே நின்றாள், திரும்பிப் போனாள், யோசித்தாள். மைதானத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் செய்தி வாசிக்க வேறு பிள்ளையைப் போட்டுவிட்டு என்னை அறைக்கு அழைத்தார். "நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிய ஏன் டீச்சர் நோண்டுனீங்க?" என்றார்.

"அந்த வண்டி ஓடவே இல்ல சார். ஹாரன் மட்டுந்தான் அடிச்சிக்கிட்டிருந்துச்சு" என்று நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலையே அவள் அம்மா வந்தார். கையில் வெற்றிலைக் கறை போகவில்லை. "ஆத்துத்தண்ணி கணக்கா வாசிப்பா எம்மக. இப்பத் திக்கித் திக்கி நிக்கிறா. என்ன செஞ்சீக டீச்சர்?"

"இப்பத்தாம்மா படிக்கவே ஆரம்பிச்சிருக்கா. கொஞ்சம் பொறுங்க."

"மைக்ல அவ பேச்சக் கேட்டுட்டுப் போனா நாள் முழுக்க எனக்கு அலுப்புத் தெரியாது. அதப் போயி பறிச்சிட்டீகளே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பள்ளிக்கு ஒரு அதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகளை வாசிக்கவிட்டுப் பார்ப்பாராம். தலைமையாசிரியர் அவளையே கூப்பிட்டார். "அன்னைக்கு மட்டும் பழைய மாதிரி கடகடன்னு வாசிச்சிரும்மா. மறுநாள்ல இருந்து மைக் ஒனக்குத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். பழைய மாதிரி வாசிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மைக் அவளுக்கு எவ்வளவு பெரிது, அவள் அம்மாவுக்கு எவ்வளவு பெரிது என்று தெரிந்திருந்தது. "ஒனக்கு எப்படி வருதோ அப்படி வாசி" என்றேன்.

ஆய்வு நாளன்று அதிகாரி ஒரு தாளை அவளிடம் கொடுத்தார். யாரும் முன்பே பார்க்காத பகுதி. கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, "ம், ஆரம்பிம்மா" என்றார்.

ஆள்காட்டிக் குருவியைப் பற்றிய பகுதி அது. வெட்டவெளியில் கூடு, கூட்டில் குஞ்சுகள். ஒரு நாய் வருகிறது. தாய்க்குருவி ஒடிந்த இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது, நாய் துரத்துகிறது. கொஞ்ச தூரம் போனதும் குருவி பறந்துவிடுகிறது. கணீரென்று வாசித்துக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். அதிகாரி, "மேல வாசிம்மா, டைம் போகுது" என்றார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள். "றெக்க ஒடிஞ்சிருந்தா எப்படிப் பறக்கும்?"

அவள் கண் தாளில் மேலே போனது, கீழே வந்தது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். அவள் யாரையும் கவனிக்கவில்லை. மெல்ல முகம் மலர்ந்தது.

"ஒடியவே இல்ல சார். சும்மா நடிக்குது. நாய் குஞ்சுகிட்டப் போயிரக் கூடாதுல்ல, அதுக்கு."

அதிகாரி கெட்டவரில்லை. சிரித்துவிட்டு, "நான் கேள்வியே இன்னும் கேக்கலையேம்மா" என்றார். ஆனால் நேரம் முடிந்துவிட்டது. தாளை வாங்கிக்கொண்டு, வாசிப்பு வேகம் குறைவு என்று குறித்துக்கொண்டார். அவர் பார்க்க வந்தது வேகத்தைத்தான். மைக் போனது போனதுதான் என்பதைத் தலைமையாசிரியர் முகமே சொல்லிவிட்டது.

மகள் அதிகாரி முன்னால் வாசிக்கிறாள் என்று தெரிந்து அவள் அம்மா வேலையைப் பாதியில் விட்டு வந்து வாசலில் நின்றிருந்தார். அவளைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன்.

"நல்லா வாசிச்சியாடி?"

"இல்லம்மா. பாதில நின்னுட்டேன். மைக்கும் கிடைக்காது" என்றாள். அம்மாவின் முகம் வாடியது. "ஆனா அதுல ஒரு குருவி இருந்துச்சும்மா" என்று ஆரம்பித்து, கூட்டையும் குஞ்சையும் நாயையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். இறக்கையை இழுத்துக்கொண்டு ஓடுவதை ஓடியே காட்டினாள். அம்மா இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ காலை சுவரோரம் நின்று மகள் குரலைக் கேட்டவர். அதில் என்ன இருந்தது என்று மகள் ஒருநாளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

"நாயி திரும்பி வந்துச்சா? குஞ்சு என்னாச்சு?"

"தெரியலம்மா. அதுக்குள்ள தாள வாங்கிட்டாக."

அம்மா எட்டிப் பார்த்தார். அதிகாரியின் கார் வேப்பமரத்தடியில்தான் நின்றது.

"அந்த சாரு இன்னும் கெளம்பல" என்று மகளின் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "போயி மிச்சத்தையும் வாசிச்சிட்டு வா. நான் இங்கனயே நிக்கிறேன்."