தலைக்கு மேல் ஒரு கொக்கி

தஞ்சோங் பகாரில் நாங்கள் இருந்த தகரக்கூரை வீட்டில் சீலிங் என்ற ஒன்றே கிடையாது. குறுக்கே ஓர் உத்தரம் ஓடும். அதில்தான் அம்மா தூளி கட்டுவாள். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக்குக் குடிவந்தபோது மேலே வழவழவென்று வெறும் சிமெண்டு. கைக்குழந்தையாக இருந்த தம்பி, தூளி இல்லாமல் தூங்க மாட்டேன் என்று அலறித் தீர்த்தான்.

அப்போது எங்கள் வீட்டில் சீலிங் என்றால் ஆளுக்கொரு பொருள். அப்பாவுக்கு, துறைமுகத்தில் அவர் சம்பளம் இதற்கு மேல் ஏறாது என்று துரை சொல்லிவிட்ட இடம். அம்மாவுக்கு, ஒரு தூளிக்குக்கூட வழியில்லாத கூரை. எனக்கு அது அடுத்தவர் வீட்டுத் தரை. மாடியில் ஒரு சீன அம்மாள் கட்டைச் செருப்போடு டக் டக்கென்று நடந்துகொண்டே இருப்பாள்.

சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை உளியும் சுத்தியலுமாக வந்தார். சீலிங்கில் ஓட்டை போடக்கூடாது என்று வீடு கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"வீட்டத் திருப்பிக் கேட்டா எங்க போறது?" என்றாள் அம்மா.

"புள்ள தூங்க வேணாமா? பாத்துக்கலாம் லா" என்றார் அப்பா.

சித்தப்பா அடித்த அடியில் கட்டடமே அதிர்ந்தது. கொக்கி ஏறியது, தம்பியும் தூங்கினான். உடனே கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டு அம்மாள்தான். கொக்கியைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள். சித்தப்பா சுத்தியலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவள் மலாயில் ஏதோ கேட்க, அம்மா தெரிந்த மலாயில் பதில் சொன்னாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அவள் மேலே போய்விட்டாள்.

என்ன கேட்டாள் என்று அம்மாவை அரித்தேன்.

"தம்பி எப்ப தூங்குவான்னு கேட்டா. மத்தியானம்னு சொன்னேன்."

புகார் கொடுக்கப்போகிறவளுக்குத்தானே நேரம் தெரிய வேண்டும்? தூளியில் பிள்ளை கிடக்கும்போது அதிகாரியைக் கூட்டிவந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாமே. அன்றிலிருந்து மத்தியானங்களில் மாடியில் ஒரு சத்தமும் இல்லை. வீடு கொடுத்தவர்களின் ஆபீசுக்குத்தான் போயிருக்கிறாள் என்று பயந்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் யார் படியேறினாலும் எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு மத்தியானம் வந்தபோது அவளைப் படிக்கட்டில் கண்டேன். கட்டைச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, அடிமேல் அடிவைத்து எங்கள் வாசலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே ஓடினேன்.

"ஒட்டுக் கேக்குறாம்மா" என்றேன், மூச்சு வாங்க.

அம்மா எட்டிப் பார்த்தாள். பிறகு உதட்டில் விரலை வைத்து, தூளியை ஆட்டிக்கொண்டே சிரித்தாள். வீடே பறிபோகப் போகிறது, இவள் சிரிக்கிறாளே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.