ஒரே கறுப்பு, ரெண்டு அளவு

தொலைக்காட்சி நாடகங்களுக்குச் சாமான் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. சாமான் சரியாக இருந்தால் நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒன்றோடொன்று சேராத பொருள்களோடு மல்லுக்கட்டும் என் இனத்தாரே, ராணுவ நாடகம் ஒன்றில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

போகவே இல்லை

துப்பாக்கிகள் போலிதான், ஆனால் பார்த்தால் நிஜம். பின்பக்கம் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். தோளில் பதிகிற பின்கட்டையை அதில் செருக வேண்டும். குழாயில் ராணுவ அளவு என்று ஒன்று, கடை அளவு என்று ஒன்று. கடை அளவு ஒரு துளி பருமன். கண்ணுக்குத் தெரியாது, கை வைத்தால்தான் தெரியும்.

தயாரிப்பாளர் செல்வம் துப்பாக்கியை ஓர் இடத்திலும் கட்டையை வேறோர் இடத்திலும் வாங்கியிருந்தார். குழாய் பருமன், கட்டையின் துளை சிறிசு. இந்த ஊரில் போலித் துப்பாக்கிக்கும் போலீஸ் அனுமதி வேண்டும். நினைத்தவுடன் மாற்ற முடியாது. எல்லாவற்றையும் அவர் மேசையில் பரப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "ரெண்டுமே கறுப்புதானே ரோஸி, அப்புறம் ஏன் போகல?"

ஈசூன் வாய்ட் டெக்கில்

படப்பிடிப்பை நிறுத்த முடியாது என்றார்கள். அரங்கம் அமைப்பவர் ரப்பர் சுத்தியலால் அடித்து, சில கட்டைகளைப் பாதி தூரம் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு அவை முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நீளம் கூடிப்போனதால் பெட்டி மூடவில்லை. போர்வையில் சுற்றி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஈசூனில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக், அதாவது சுவரில்லாத பொதுக் கீழ்த்தளம், வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம்.

லிஃப்ட் வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து முடிப்பதற்குள் அன்றைய காலை வெளிச்சம் போய்விட்டது. போலீசுக்குப் போன் செய்தவர் அங்கேயே கோப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவர். என்னிடம் வந்து வருத்தப்பட்டார். "துப்பாக்கின்னு தெரியாதும்மா. போர்வைக்கு வெளிய கால் மாதிரி தெரிஞ்சிச்சு, ஆளைத்தான் தூக்கிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன் லா."

இப்போது ஆடுகிறது

நான் கெஞ்சிக் கேட்டபடி செல்வம் பெரிய துளையுள்ள கட்டைகளை வரவழைத்தார். கூடவே, எனக்கு உதவுவதாக நினைத்து, குழாய்களையும் சின்ன அளவுக்கு மாற்றிவிட்டார். இப்போது எல்லாம் சுலபமாக ஏறின, ஏறிய பிறகு கடகடவென்று ஆடின. குழாயில் டேப் சுற்றிச் சமாளித்தேன்.

கதாநாயகன் ஜமால், சாங்கியில் விமானச் சரக்கு ஏற்றும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பல வருஷம் நாடகங்களில் கூட்டத்தில் ஒருவராக நின்றுவிட்டு முதல் முறையாகப் பெரிய வேடம். கடைசிக் காட்சியில் நண்பனின் சவப்பெட்டி முன்னால் துப்பாக்கியை ஏந்தி நின்று அழ வேண்டும். அவருடைய அப்பா, அவர் அத்தா என்றுதான் சொல்வார், இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அன்று கேமரா முன்னால் உடைந்து போனார்.

வெயிலில் டேப்பின் பசை இளகியிருந்தது. கட்டை கழன்று அவர் பூட்ஸ் மேல் விழுந்து, சவப்பெட்டியில் முட்டி உருண்டது. யாரோ சிரித்துவிட்டார்கள். மறுபடி எடுத்தோம், மறுபடியும் எடுத்தோம். கண்ணீர் வரவே இல்லை. கடைசியில் இயக்குநர் முதுகுப் பக்கமிருந்து எடுத்துக்கொண்டு முடித்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன். ஜமால் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அழுகை வந்துச்சுக்கா. உங்க துப்பாக்கிதான் முந்திக்கிச்சு."

முதுகு

நாடகம் ஒளிபரப்பான வாரம் சிராங்கூன் சாலையில் ஜமாலையும் அவருடைய அம்மாவையும் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடமில்லை, கையில் காய்கறிப் பை வேறு. "கடைசியில தம்பி முகத்தையே காட்டலையேன்னு கோவமாம்மா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா மகனின் தோளைத் தொட்டார். "முகத்தைத்தான் தினமும் பாக்குறேனே. பின்னாலேர்ந்து பாத்தா அப்படியே அவங்க அத்தா நிக்கிற மாதிரி இருந்துச்சும்மா."

அடுத்த நாடகம் மீனவர்களைப் பற்றியதாம். தூண்டில் கழியிலும் ரெண்டு அளவு உண்டு என்று இப்போதே விசாரித்துத் தெரிந்துகொண்டுவிட்டேன்.