மூன்றாம் மாடி வீட்டுக்குத் தரகர் பார்த்தது

"ஜூன் 14, வெள்ளி. காலை 10.20. தரகர் வந்தார். பார்த்த மூன்று பேரில் இவர்தான் சரி. இவர் ஒருவரிடமே கொடுப்பது என்று முடிவு."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் எழுதி வைக்கவில்லை. மழை பெய்த நேரம், பால் வராத நாள் எல்லாவற்றையும் எழுதுகிறவன் நான். அது மட்டும் எழுதத் தக்கதாகப் படவில்லை.

எங்கள் வீடு மயிலாப்பூரில், மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. மனைவிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. மே மாதம் மருத்துவமனைக்குப் போகவேண்டி வந்தபோது, ஆட்டோ டிரைவரும் தெருவில் இஸ்திரி போடுகிறவரும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மாடிக்கு மாடி கதவு திறந்து பார்த்தார்கள். திரும்பி வந்ததும், "இனிமே என்னை யாரும் தூக்க வேணாங்க. நானா எறங்கிப் போற மாதிரி ஒரு வீடு பாருங்க, போதும்" என்றாள். அதன் பிறகு அவள் கீழே போகவில்லை. இந்த வீட்டை விற்றால்தான் லிப்ட் உள்ள வீடு ஒன்றை எங்களால் வாங்க முடியும்.

முதலில் வந்த தரகர் கட்டடத்தையே இடித்துக் கட்டலாம் என்று பேசினார். இரண்டாமவர் வீட்டைப் பார்த்த நேரத்தைவிடக் கைபேசியைப் பார்த்த நேரம் அதிகம். மூன்றாமவர் செருப்பை வாசலில் விட்டு, நேராக மனைவியிடம் போனார். "படி ஏற முடியலையாம்மா? எங்கம்மாவுக்கும் இதே கதைதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கண்டவங்களயும் கூட்டினு வந்து அம்மாவத் தொந்தரவு பண்ண மாட்டேன் சார். இந்த பில்டிங்குக்கு ஏத்த ஆளாப் பாத்துதான் கூட்டினு வருவேன்" என்றார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன். தலையாட்டினேன்.

ஜூலையில் நான்கு பேர் வந்து பார்த்தார்கள். படியைக் காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். "ஆடி மாசம் சார், எவன் வாங்குவான்?" என்றார் தரகர். ஆவணியில் இரண்டு பேர். பிறகு ஒருவரும் வரவில்லை. "புரட்டாசி கழியட்டும் சார்." அடையாறில் நான் பார்த்து வைத்திருந்த லிப்ட் வீடு செப்டம்பரில் வேறு யாருக்கோ போய்விட்டது. அதை மனைவியிடம் சொல்ல எனக்கு இரண்டு நாளானது.

அக்டோபர் 5, சனிக்கிழமை மாலை, அழைப்பு மணி அடித்தது. முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண், தலையில் துப்பட்டா, மூச்சு வாங்க நின்றிருந்தாள். ராயப்பேட்டையில் பல காலமாக இருக்கிற முஸ்லிம் குடும்பமாம். தி. நகரில் ஜிப், பட்டன் விற்கும் கடை.

"அங்கிள், தப்பா நெனக்காதீங்க. இந்த வீடு வித்துடுச்சா?"

"இல்லையேம்மா."

அவள் சிரித்தாள். "வித்துடுச்சுன்னு புரோக்கர் சொன்னாரு. ஆனா நெட்ல விளம்பரம் அப்படியே இருக்கு. எங்க வீட்டுக்காரரு, நிஜமாவே வித்திருக்கும், நீ சும்மா சந்தேகப்படாதேங்கறாரு. அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு."

மனைவி உள்ளிருந்து கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தேன்.

"எப்போம்மா அப்படிச் சொன்னாரு?" என்று கேட்டாள் மனைவி.

"ஜூலை கடைசி சனிக்கிழமை ஆன்ட்டி. காலைல போன்ல பேசினப்ப, அட்ரஸ் சொல்லி, உடனே வாங்க, பாக்கலாம்னாரு. அப்புறம் பேரு கேட்டாரு. சொன்னேன். அரை மணி நேரத்துல திரும்பக் கூப்ட்டு, நேத்தே முடிஞ்சிடுச்சுன்னாரு."

"மூணு மாடி ஏறணுமே?"

"அது ஒரு விஷயமா ஆன்ட்டி? எங்க வீட்ல எல்லாம் ஓடுற வயசு. நீங்க போட்டிருந்த வெலைக்கே எடுத்திருப்போம்."

நான் நாட்குறிப்பை எடுத்தேன். ஜூலை 27, சனி: "தரகர் போன். ஒரு பார்ட்டி வருவதாக இருந்து வேண்டாமென்றுவிட்டார்களாம்."

"இப்பவும் வேணும்னா..." என்று ஆரம்பித்தேன்.

"இல்ல அங்கிள். முந்தாநாள்தான் வேற எடத்துக்கு அட்வான்ஸ் குடுத்தோம். தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தேன்." டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, மனைவியிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினாள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று தெரியவில்லை. கேட்க நினைத்தது நினைவிருக்கிறது.

"ஆகஸ்ட்லயே முடிஞ்சிருக்கும். இல்லங்க?" என்றாள் மனைவி. நான் தரகரைப் போனில் கூப்பிட்டேன்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, ஏத்த ஆளாப் பாருன்னு?"

"அதை நீங்க சொன்னீங்க."

"எங்க சார்? நீங்க சொல்லித்தான் நான் செஞ்சேன். சரி, நானே சொன்னேன்னு வெச்சுக்கங்க. அப்போ இன்னா சார், வேணாம்னீங்களா? தலையாட்னீங்களே?"

ஜூன் 14 பக்கத்தைப் புரட்டினேன். காட்டுவதற்கு அதில் குறிப்பு இல்லை.

"நானா எதுவும் செய்யல சார். உங்க செக்ரட்டரி கைல ஒரு வார்த்தை கேட்டேன். அவருதான் வேணாம்னாரு. நாளைக்கு பில்டிங்ல உங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் முதல் மாடியில் இருக்கிறார். மறுநாள் காலை போய்க் கேட்டேன். "நானா? யார் சொன்னது?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "வாங்களேன், காபி சாப்பிட்டுப் போங்க." குடித்தேன். நாற்பது படி கீழே அதே மனிதரோடு நான் இன்னும் எத்தனை மாதம் இருக்க வேண்டுமோ தெரியாது.

தரகரை மாற்றிவிட்டேன். புதியவர் வந்ததும் கேட்ட கேள்வி: "நாலு மாசமா விளம்பரத்துல கீதே சார், வில்லங்கம் ஏதும் இருக்கா?" இல்லை என்றேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், பேர் கேட்க வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பாப்போம் சார்" என்றார். இதை எழுதும் நவம்பர் 16 வரை யாரும் வரவில்லை. மனைவி பால்கனியில் உட்கார்ந்திருக்கிறாள்.

பழைய தரகரிடம் கடைசியாகக் கேட்டது, இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார் என்பது. "அந்த ஒரு பார்ட்டிதான் சார்" என்றார். அப்படித்தானா என்று சரிபார்க்க எனக்கு வழி தெரியவில்லை. அவர் சொன்னதாக மட்டுமே இங்கே எழுதி வைக்கிறேன்.