ஃபெஸ்டி மேனியனின் ராசிக்காசு

ஃபெஸ்டி மேனியன் எனக்கு இருபது யூரோ கடன்பட்டிருந்தார். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மாட்டுச் சந்தையின் ஏல வளையத்துக்கு வருவார். என் பக்கத்தில் கம்பியின்மேல் முழங்கையை ஊன்றுவார். கோட்டுப் பைக்குள் வலது கையை விட்டு, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர்போல அடிவரை துழாவுவார். சுற்றி நிற்கிற ஏழெட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். கை வெறுமையாக வெளியே வரும். கூடவே ஒரு சாக்கும் வரும்.

"காசை எடுத்துக்கிட்டுத்தான் கிளம்பினேன், கோல்மன். வழியில பாதிரியார் என்னைப் பார்த்துச் சிரிச்சார். அந்த மனுஷன் சிரிச்சா கோயில் கூரை ஒழுகுது, வசூலுக்கு வர்றார்னு அர்த்தம். திரும்பிப் போயி காசை வீட்ல வெச்சுட்டு வந்துட்டேன்."

அது ராசிக்காசு. மாடு விற்றவர், வாங்கியவர் கையில் கொஞ்சம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் கன்னிமாராப் பக்கத்து வழக்கம். கடைசிக் காசின்மேல் லேசாகத் துப்பித்தான் கொடுப்போம். துப்பாவிட்டால் ராசி ஒட்டாது.

ஃபெஸ்டிக்கு எழுபத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு. மழையும் புகையும் ஏறி, தன் நிறம் என்னவென்று தனக்கே மறந்துபோன ஒரு தொப்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒருத்தியக் கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னா. யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவளுக்குப் பேரன் பொறந்துட்டான்" என்பார். சதுப்புநிலத்துச் சாலை முடிகிற இடத்தில் அவர் வீடு. அதற்கு அந்தப் பக்கம் ஏரியும் மழையும்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சொல்லக்கூடியதுதான். பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இரவல் வண்டி ஒன்றில் தொடங்கி இன்று ஏழு லாரி வைத்திருக்கிறேன். ஏழிலும் என் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. மாட்டின் முதுகைப் பார்த்து நான் எடை சொன்னால் தராசு தன்னைத் திருத்திக்கொள்ளும். பதினோரு அறை வைத்து வீடு கட்டினேன். பிள்ளைகள் பாஸ்டனில் இருப்பதால் நான் சமையலறையோடு சரி. ஆனால் பதினோரு அறை, அதை யாரும் மறுக்க முடியாது.

அப்படிப்பட்ட நான் ஒரு மாட்டைத் தப்பாக வாங்கினேன்.

ஃபெஸ்டியிடம் ஒரே ஒரு கறுப்பு மாடு இருந்தது. இரண்டு வருடமாக அதை வாராவாரம் சந்தைக்கு ஏற்றிவந்து, இரண்டாயிரம் யூரோவுக்கு ஒரு காசு குறையாது என்பார். தொள்ளாயிரம் பெறும், அதுவும் கண் மங்கலானவன் வாங்கினால்.

"இந்த விலைக்கு அது பியானோ வாசிக்கணும், ஃபெஸ்டி" என்று ஏலக்காரர் சொல்வார்.

"வாசிச்சுக்கிட்டுதான் இருந்தா. இந்த ஊர்ல கேட்க ஆள் இல்லைன்னு நிறுத்திட்டா."

"வயசு என்ன?"

"அவ காதுபட அதைக் கேட்காதே. பால் கம்மியாத்தான் கறப்பா. ஆனா யாரைப் பத்தியும் வெளியில பேசமாட்டா."

வளையம் முழுக்கச் சிரிக்கும். மாடு விலைபோகாது. ஃபெஸ்டி உணவுக்கூடத்தில் பன்றியிறைச்சியும் முட்டைக்கோசும் சாப்பிட்டு, மூன்று கோப்பைத் தேநீர் குடித்து, எல்லோரையும் ஒரு சுற்று வம்புக்கு இழுத்துவிட்டு, மாட்டை ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார்.

போன வருடம் மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை எனக்குத் திமிர் பிடித்தது. அன்று வளையத்தில் என்னைப் பார்த்து, "கோல்மனோட தாராளத்தைப் பத்திச் சொல்ல ஒரு ஆளைத் தேடிக்கிட்டிருக்கேன். ஏழு லாரி அனுப்பியும் கிடைக்கல" என்று ஃபெஸ்டி சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். "ரெண்டாயிரம்."

ஏலக்காரர் ஃபெஸ்டியைப் பார்த்தார். விற்கிறவர் தலையசைத்தால்தான் மாடு கைமாறும். ஆனால் இரண்டு வருடம் ஊரறியக் கேட்ட விலை வந்த பிறகு மறுத்தால், அதற்குமேல் அந்த மனிதர் சந்தையில் தலைகாட்ட முடியாது. ஃபெஸ்டி மாட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தலை அசைந்தது. அன்று வேடிக்கைப் பேச்சு ஒன்றும் வரவில்லை.

உணவுக்கூடம் நடத்தும் அட்ராக்டா என் முன்னால் தட்டை வைத்த சத்தத்திலேயே எனக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"பெரிய ஆள்தான்யா நீ. என்ன வாங்கினேன்னு தெரியுதா?"

"மாடு."

"மாடு இல்லை. அந்த மனுஷனோட வியாழக்கிழமைய வாங்கிட்ட. மாடு இல்லாதவன் இங்க எதுக்கு வருவான்? வேடிக்கை பார்க்கவா? வேடிக்கை பார்க்க வர்ற கிழவன்னு நாலு பேர் பரிதாபப்படறதுக்கு அவன் வீட்லயே கிடந்து சாவான்."

எடை போடத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன் நான். இரண்டு வருடமாக அந்த மாட்டின் எடையை நான் சரியாகப் போடவில்லை.

எழுந்து போய்க் கையை நீட்டினேன். "என் ராசிக்காசு எங்கே?"

ஃபெஸ்டி பைக்குள் கையை விட்டார். துழாவினார். மெல்ல அவர் முகத்தில் ஏதோ திரும்பி வந்தது.

"காசு வீட்ல இருக்கு, கோல்மன். நானும் காசும் ரெண்டு பேரும் கிளம்பி வந்துட்டா வீட்ல யார் இருக்கறது?"

அதுதான் முதல் சாக்கு. அடுத்த வியாழன் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து இரண்டாவது சாக்கைச் சொன்னார். கடன் கொடுத்தவரைப் பார்க்க வருகிற மனிதரை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. நடுவில் ஒருநாள், பழைய திமிரில், "போகட்டும் விடுய்யா, இருபது யூரோ எனக்கு ஒரு பணமா?" என்று நான் சொல்லிவிட்டேன். ஃபெஸ்டியின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. அட்ராக்டா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். "விடுன்னா சொன்னேன்? வட்டியோட வேணும்!" என்று அப்படியே மாற்றிக் கத்தினேன். அதிலிருந்து வாராவாரம் வளையத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்துகிறேன். இந்த மாவட்டத்தில் என் அளவுக்குக் கத்தக்கூடியவர் யாருமில்லை.

அந்த மாட்டை நான் விற்கவில்லை. கேட்பவர்களிடம் விலை வரவில்லை என்கிறேன்.

செப்டம்பரில் ஒரு பிற்பகல், அடுப்பெரிக்கச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் கொஞ்சம் இறக்கிவிட்டு வரலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். கதவருகே போனபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நின்றேன். "டாக்டர் என் நெஞ்சுல குழாய வெச்சார்…" என்றது ஃபெஸ்டியின் குரல். நின்றது. மறுபடி, கொஞ்சம் மெதுவாக, "என் நெஞ்சுல, டாக்டர், குழாய வெச்சார்…" இன்னொரு முறை, சிரிப்பு வரவேண்டிய இடத்தில் இடைவெளி விட்டு. சன்னல் வழியே தெரிந்தது ஒரு நாற்காலி, ஒரு கோப்பை, அணைந்த அடுப்பு. நான் ஓசைப்படாமல் வேலிக்கதவு வரை திரும்பிப் போய், அங்கிருந்து பலமாக இருமிக்கொண்டு வந்தேன். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மழை வரும் என்றார். வரும் என்றேன். சந்தையில் வாயை மூடாதவர் அவ்வளவுதான் பேசினார்.

அந்த வியாழக்கிழமை வளையத்தில் அது வந்தது.

"டாக்டர் என் நெஞ்சுல குழாய வெச்சுக் கேட்டார், கோல்மன். எழுபத்தெட்டு வருஷத்துல என் நெஞ்சு என்ன சொல்லுதுன்னு கேட்ட முதல் ஆள். அதுக்கும் அறுபது யூரோ வாங்கிட்டார். உனக்கு எங்கே மிச்சம்?"

முதல்முறை கேட்பவன்போலச் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

அது வெறும் சாக்கு இல்லை என்பது போன வாரம் தெரிந்தது. ஃபெஸ்டி கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை கால்வே பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறக்கப் போகிறார்களாம்.

"உள்ள எதுவும் இல்லைன்னா மூடிடச் சொல்லியிருக்கேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கையைப் பைக்குள் விட்டார். துழாவவில்லை. பழைய கோக்கோ டப்பா ஒன்று வெளியே வந்தது. உள்ளே ஒற்றை யூரோ நாணயங்கள்.

"கையை நீட்டு."

நான் இரண்டு கையையும் பைக்குள் சொருகிக்கொண்டேன். "கை ஈரமா இருக்கு. அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்."

"என் பிழைப்புல மண்ணைப் போடாதே. சாக்கு சொல்றது என் வேலை. நீட்டுய்யா."

"சில்லறையா வாங்கற வழக்கம் எனக்கில்லை."

"கோல்மன்."

நீட்டினேன். கம்பியோரம் அத்தனை பேரும் நெருங்கி வந்தார்கள். அட்ராக்டாகூட வெளியே வந்து ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நின்றாள். ஃபெஸ்டி ஒவ்வொரு காசாக என் உள்ளங்கையில் வைத்து, வளையம் முழுக்கக் கேட்கும்படி எண்ணினார். பத்து வந்தது. பதினைந்து வந்தது. பதினெட்டு. பத்தொன்பது.

இருபதாவது காசை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வழக்கப்படி அதன்மேல் லேசாகத் துப்பினார். பிறகு தன் கோட்டின் உள்பையில் போட்டு, பொத்தானை மாட்டினார்.