எரிமலைப் பாடத்துக்குக் கிண்டிய களி

டில்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டிய மறு வருஷம், வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பூகோள வாத்தியார். முழு வாத்தியார் இல்லை. பல வருஷமாகத் தற்காலிகம். கோடை லீவு வந்தால் சம்பளம் நின்றுவிடும், பசி நிற்காது. இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு பாடம் நன்றாக நடத்திக் காட்டினால் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பள்ளியை நடத்திய பண்ணையார் சொல்லியிருந்தார்.

எனக்கு வாய்த்த பாடம் எரிமலை. தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன் எரிமலையைக் கண்டானா? வகுப்பிலேயே இரண்டு கரியடுப்பு மூட்டினேன். ஒன்றில் ரசம், மற்றதில் களி. கேப்பைக்களி போதும்தான். இன்ஸ்பெக்டர் பார்க்கிற களியாயிற்றே, கௌரவமாக இருக்கட்டும் என்று உளுந்தங்களி கிண்டினேன்.

"பூமிக்கு ஆழத்துல பாறை உருகுதுலே. உருகின குழம்பு சுத்தியிருக்க பாறையைவிட லேசு. அதனால பைய மேல ஏறி, வெடிப்பு வழியா வெளிய வரும். வந்து வந்து குவிஞ்சதுதான் மலை. குழம்புக்குள்ள நீராவியும் வாயுவும் கரைஞ்சு கெடக்கும். மேல ஏற ஏற அமுக்கம் குறையும், குமிழி கெளம்பும். ரசத்தைப் பாருங்க, குமிழி வந்ததும் ஒடைஞ்சு போகுது. அந்த மாதிரி நீர்த்த குழம்பு சும்மா வழிஞ்சு ஓடிரும். களி கெட்டி. குமிழியை வெளிய விடாது. உள்ளுக்குள்ளயே அடக்கி அடக்கி..."

களி பொளக்கென்று வெடித்து என் புறங்கையில் அப்பியது. இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, "பிரமாதம்" என்றார்.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார்வாள், உளுந்தங்களியா? யார் வீட்டுல பிள்ளை பெரிய மனுஷி ஆயிருக்கா?"

வகுப்பே வெடித்தது. சமைந்த பெண்ணுக்கு ஊட்டுகிற பண்டத்தை ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கிண்டிய மகான் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

மறு வாரம் பண்ணையார் கூப்பிட்டனுப்பினார்.

"அந்த வேலையை எங்க அக்கா மகனுக்குப் போட்டாச்சு வே. உளுந்தங்களி கிண்டுத வாத்தியாரை நிரந்தரமாக்கினா ஊரு சிரிக்காதா?"

அக்கா மகனுக்குத் தெரிந்த பூகோளம் மாமன் வயல் வரப்போடு சரி. எனக்குள் குமுறிக்கொண்டு வந்தது. இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

"தப்புதான் அண்ணாச்சி. சடங்குக்கு உங்களுக்குச் சொல்லாம விட்டுட்டேன்."

பண்ணையார் வெற்றிலைச் சாறு வேட்டியில் வழிய வழியச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால் உள்ளே கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

அடுப்படியில் வீட்டுக்காரி காத்திருந்தாள். "கேட்டியளா?"

"போனேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

"நீங்க?"

நான் புறங்கையைத் தடவிக்கொண்டேன். அவள் களி சுட்ட தழும்பைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு ரசம். நன்றாகத்தான் கொதித்தது, ஒரு சொட்டுக்கூட வெளியே தெறிக்கவில்லை.