அடிஸ்கேலால் அளந்த நர்ஸ் படிப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. நடுவில் ஏதாவது மறந்தும் போகும்... வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள், இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் தங்கை மகள் கவிதாவுக்குக் கல்யாணம். அவள் அரியலூரில் நர்ஸ். மாப்பிள்ளை குரும்பலூர், பி.இ. படித்தவர். கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சாகி வந்த அன்றே மாப்பிள்ளையின் பெரியப்பா தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார் — கையில் அடிஸ்கேலோடு.

எதற்கு ஸ்கேல்? பெயருக்குப் பின்னால் இருக்கும் படிப்பை அளக்க.

மாப்பிள்ளைக்கு அரை இன்ச். பெண்ணுக்கு டி.ஜி.என்.எம்., ஆர்.என்., ஆர்.எம். — ஒன்றே முக்கால் இன்ச். பெண்ணின் படிப்பு நீளமாக இருந்தால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று கேட்டார். காபி கொண்டுவந்த என் தங்கை அப்படியே நின்றுவிட்டாள்.

அதோடு விட்டாரா? கல்யாணத்துக்குப் பிறகு கவிதா இன்னும் இரண்டு வருஷம் படிக்கப்போகும் விஷயம் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. பெரம்பலூரில் ஒரு காலேஜில் இடம் கிடைத்திருந்தது.

"நர்சுக்குப் படிச்ச புள்ள மறுபடி எதுக்கு நர்சுக்குப் படிக்கணும்? அரியர் கிரியர் இருக்கா?"

அரியர் எல்லாம் இல்லை என்று கவிதா நிதானமாக விளக்கினாள். பிளஸ் டூ முடித்ததும் பி.எஸ்ஸி. சீட் கிடைத்திருந்தால் நாலு வருஷத்தில் டிகிரி. கிடைக்காததால் மூன்று வருஷ டிப்ளமோ. இப்போது போஸ்ட் பேசிக் என்று இரண்டு வருஷம் படித்தால் அதுவும் பி.எஸ்ஸி. ஆகிவிடுமாம். அதற்கு மேல் எம்.எஸ்ஸி.யும் உண்டாம். ஆர்.என்., ஆர்.எம். என்பது பட்டமே இல்லை, கவுன்சிலில் பெயர் பதிந்ததற்கு அடையாளமாம்.

பெரியப்பா முகம் வெளுத்துவிட்டது. எம்.எஸ்ஸி. வரை போனால் ஸ்கேல் பத்தாதே... படிப்பை விட்டால்தான் கல்யாணம் என்றார்.

நானோ வெளியாள் முன்னால் வாய் திறக்காதவள். கவிதாதான் பேசினாள்.

"எழுத்த எவ்ளோ சின்னதா வேணா போட்டுக்கங்க மாமா. எடுத்துட்டாலும் சரிதான். காலேஜுக்குப் போறத மட்டும் நிறுத்த மாட்டேன்."

அவர் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "அண்ணே... மாப்ள படிப்பப் பெருசா போட்டா நீளம் சரியாயிடுங்களே" என்று முணுமுணுத்தேன்.

"அது சரிதான்," என்றார் யோசித்துவிட்டு. "அப்ப படிக்கட்டும்."

பத்திரிகையோடு நிறுத்தினாரா? ஃப்ளெக்ஸ் பேனரிலும் அதே கணக்கு. கவிதாவின் படிப்பு எறும்பு ஊர்ந்த மாதிரி. பி.இ. மட்டும் ஆள் உயரத்துக்கு. மாப்பிள்ளை பெயர் இடமில்லாமல் மூலைக்குப் போய்விட்டது. மண்டபத்து வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒருவர் என்னிடம் வந்து, "ஏம்மா, இது எந்தக் கட்சி மாநாடு?" என்று விசாரித்தார்.

கவிதா இப்போது காலேஜுக்குப் போகிறாள். மாப்பிள்ளைதான் தினமும் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார்.

மூன்று வருஷம், இரண்டு வருஷம் என்று அவள் சொன்னதை ஞாபகத்திலிருந்துதான் எழுதியிருக்கிறேன். நர்ஸ் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். நீளத்தைச் சரிபார்க்க வேண்டாம் — அது பெரியப்பா அளந்தது.