மெகராஜ் பேகம் வண்டியின் நடுக்கம்

ராஜபாளையத்தில் வாடகைக் கார் ஓட்டும் மெகராஜ் பேகத்துக்கு நாற்பது வயதுவரை சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். தறி நின்றுபோன வருஷம், தையல் மெஷின் வாங்கலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே டிரைவிங் பள்ளியில் பேர் கொடுத்துவிட்டு வந்தார். கணவர் மைதீன் பிச்சைக்குக் காரில் ஏறினாலே குமட்டும். "ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா?" என்று கேட்ட அதே மனுஷர், பழைய கார் வாங்கிய அன்று எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பின்சீட்டில் ஊரைச் சுற்றி வந்தார்.

போன ஐப்பசியில் அந்தக் காருக்கு ஒரு நடுக்கம் வந்தது. வேகமெடுக்கும்போது ஸ்டீயரிங் உள்ளங்கைக்குள் சிலுப்பும். வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். சக்கரத்தில் ஈயக்கட்டி வைத்து பேலன்ஸ் செய்தார்கள். ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சரியாகிவிட்டது என்றே பேகமும் நினைத்தார்.

கூமாப்பட்டியில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், மகாராஜபுரத்தில் ஓர் அம்மா ஓடிவந்து காரை மறித்தார். இருளம்மாள் என்று பேர். "எம் மக வெங்கடேஸ்வரிக்கு வலி வந்துருச்சு தாயி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு விட்ருங்க!"

வெங்கடேஸ்வரி, இருளம்மாள், மாப்பிள்ளை, அவர் அண்ணன், துணிமூட்டை. வண்டி நிறைந்துவிட்டது. ஊரைத் தாண்டி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஸ்டீயரிங் உதறியது, இதுவரை இல்லாத உதறல். பின்னால் வெங்கடேஸ்வரி அலறினாள். பேகம் சட்டென்று மிதியிலிருந்து காலை எடுத்தார். வண்டி அதே ஓட்டத்தில்தான் போனது. நடுக்கம் மட்டும் நின்றது. மறுபடி மிதித்தார், உதறியது. எடுத்தார், நின்றது.

"அல்லாவே, சக்கரம்னா வேகம் இருக்கறவரைக்கும் ஆடணுமே. சக்கரத்துல இல்லியா அப்ப?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதன்பிறகு அழுத்தி மிதிக்கவே இல்லை. கோழிக்குஞ்சைத் தொடுவதுபோல மிதியைத் தொட்டுத் தொட்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். பெண் குழந்தை பிறந்தது என்று மாப்பிள்ளை ஓடிவந்து சொல்லும்வரை பேகம் வாசலிலேயே காத்திருந்தார்.

ஆள் ஏற்றாமல் ராஜபாளையம் திரும்பி, நேராக மெக்கானிக் ராக்கப்பனிடம் போனார். நடந்ததைக் கேட்டதும் அவர் நிமிர்ந்தார்.

"மிதிச்சா ஆடுது, விட்டா நிக்கிதா? ஆள் நிறைய ஏறுனா சாஸ்தியா?"

"ஆமாண்ணே. வெறும் வண்டில இம்புட்டு இல்ல."

"அப்ப வெறும் வண்டிய ஓட்டிப் பாத்து ஆகாது. ஏலே வேல்சாமி, கடைய அப்படியே போட்டுட்டு வா!"

பக்கத்துப் பஞ்சர் கடை வேல்சாமியும், டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு தடியான ஆட்களும் ராக்கப்பனோடு ஏறிக்கொண்டார்கள். பாலத்து ஏற்றத்தில் பேகம் மிதித்தார். வண்டி உதறியது. "யாத்தே!" என்றார் வேல்சாமி. கோளாறு பிடிபட்டுவிட, ராக்கப்பன் மட்டும் சிரித்தார்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டைக் கழற்றினார்கள். கியர்பாக்ஸ் பக்கம் அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே வழிந்து காய்ந்திருந்தது. உள்ளே ஒரு கிண்ணம். அதற்குள் உருளும் மூன்று சின்ன உருளைகள், ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழத்தைவிடச் சிறியது.

"இதுவா அண்ணே இழுக்குது? அம்புட்டுப் பேரையும்?"

"இந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு இதுதான். இழுக்குறப்பதான் இதுமேல பாரம் விழும். கிண்ணத்துக்குள்ள தடவிப் பாரு."

பேகம் விரலை விட்டார். வழவழப்பான தடத்தில் ஓரிடத்தில் நகம் தட்டியது. ஒரு பள்ளம், அரிசிமணி படுக்கும் அளவுகூட இல்லை. மறுபடி தடவினார். இந்தப் பள்ளமா ஒரு வண்டியையே உலுக்கியது? எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளை, எத்தனை கல்யாணக் கூட்டத்தை இந்த உருளைகள் சத்தமில்லாமல் இழுத்துவந்திருக்கும்! தான் ஒரு நாளும் இவற்றைப் பார்த்ததில்லையே என்று தோன்றியது. விரலில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

கிண்ணமும் உருளைகளும் சேர்ந்த புது ஜாயின்ட் மதுரையிலிருந்து வந்தது. மாட்டி முடித்ததும் அதே ஆட்கள் கூப்பிடாமலே ஏறிக்கொண்டார்கள். பாலத்து ஏற்றத்தில் பேகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். ஸ்டீயரிங் அசையவில்லை. இன்னும் மிதித்தார். இடப்பக்கம் மலை நகர்ந்து வந்தது. சாலை தானாகச் சுருண்டு வண்டிக்கடியில் நுழைவதுபோல் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததே தெரியவில்லை.

"வந்தது வந்தாச்சு, பால்கோவா வாங்கிட்டு வாரோம்" என்று ஆட்கள் இறங்கினார்கள்.

"நீ வரலியா தங்கச்சி?" என்றார் ராக்கப்பன்.

"நீங்க போங்கண்ணே. நான் செத்த நேரம் இப்படியே இருக்கேன்."

இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது, செட்டியார்பட்டியிலிருந்து ஒரு சவாரி. "எம்புட்டுப் பேரு?" என்று கேட்டார் பேகம். "அஞ்சு பேரா? வாரேன், வாரேன். எல்லாரும் தாராளமா ஏறலாம்."